வார்டியப் பெட்டி

வார்டியப் பெட்டி என்பது உயிருள்ள செடிகளையும் நாற்றுகளையும் நெடுந்தொலைவு கொண்டு செல்வதற்கும், இளஞ்செடிகளைப் பாதுகாத்து வளர்ப்பதற்கும் பயன்படுத்தப்பட்ட, கண்ணாடி பதித்த மூடிய மரப்பெட்டி ஆகும். இலண்டனைச் சேர்ந்த மருத்துவரும் தாவர ஆர்வலருமான நத்தானியேல் பேக்ஷா வார்டு (1791–1868) என்பவரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. 1830களில் அறிமுகமான இப்பெட்டி, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கண்டங்களுக்கிடையே செடிகளைக் கொண்டு செல்லும் முதன்மைக் கருவியாக விளங்கியது. தேயிலை, சின்கோனா, இரப்பர், வாழை முதலிய பயிர்கள் புதிய நிலங்களில் பரவியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. உதகமண்டலத்தின் சின்கோனாத் தோட்டங்களும், இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் இரப்பர்த் தோட்டங்களும் இப்பெட்டிகளில் வந்த செடிகளிலிருந்தே தொடங்கின. இன்று வீடுகளில் அழகுக்காக வைக்கப்படும் கண்ணாடித் தாவரப் பேழைகள் இதன் வழித்தோன்றல்களே.

பின்னணி

கப்பலில் உயிருள்ள செடிகளைக் கொண்டு செல்வது 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மிகக் கடினமான செயலாக இருந்தது. பயணம் பல மாதங்கள் நீடித்தது. கப்பலில் நன்னீர் அளவாகவே இருந்ததால், மாலுமிகளின் தேவைக்குப் பின்னரே செடிகளுக்கு நீர் கிடைத்தது. மேல்தளத்தில் வைத்தால் உப்பு நீர்த்துளிகளும் காற்றும் இலைகளைக் கருக்கின. கீழ்த்தளத்தில் வைத்தால் ஒளியின்றிச் செடிகள் வெளிறி மடிந்தன. எலிகளும் வளர்ப்பு விலங்குகளும் செடிகளைக் கடித்தன. வெப்ப மண்டலத்தையும் குளிர் மண்டலத்தையும் மாறிமாறிக் கடக்க வேண்டியிருந்ததும் மற்றொரு தடையாகும்.

விதைகளாகக் கொண்டு செல்வது எளிது என்றாலும், எல்லாத் தாவரங்களுக்கும் அது பொருந்தவில்லை. தேயிலை, இரப்பர், கோகோ போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். இவற்றை நெல் அல்லது பயறு விதைகளைப் போல உலர்த்திச் சேமிக்க இயலாது. வாழை போன்று விதையின்றிப் பக்கக்கன்றால் மட்டுமே பெருகும் பயிர்களும் உள்ளன. இத்தகைய தாவரங்களை உயிருடன் கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்குப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. இலண்டனைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ், கிழக்கு நாடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் கொண்டு வருவதற்கான வழிமுறைகளை 1770இல் நூலாக வெளியிட்டார். கம்பி வலையிட்ட பெட்டிகள், காற்றோட்டத் துளைகளுடைய பீப்பாய்கள் முதலியன அக்காலத்தில் கையாளப்பட்டன. டஹிட்டித் தீவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டு செல்லப் புறப்பட்ட பவுண்டி என்னும் கப்பலில், தலைவரின் பெரிய அறையே செடிகளுக்கான இடமாக மாற்றப்பட்டிருந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் ஏற்றப்பட்டன. 1789 ஏப்ரலில் நிகழ்ந்த கலகத்தின்போது அவை கடலில் வீசப்பட்டன.

இழப்பின் அளவை ஒரு கணிப்பால் அறியலாம். மக்காவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன், சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிருடன் போய்ச் சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் செடிகள் அழிகின்றன என்று 1819இல் எழுதினார்.

கண்டுபிடிப்பு

வார்டு, இலண்டனின் கிழக்குப் பகுதியில் துறைமுகத்தை அடுத்த வெல்குளோஸ் சதுக்கத்தில் மருத்துவத் தொழில் செய்து வந்தார். பெரணிகளின் மீது ஈடுபாடு கொண்ட அவர், தம் வீட்டுப் பின்கட்டில் பாறைகளை அடுக்கி, அவற்றின் மீது நீர் சொட்டும்படி அமைத்துப் பெரணிகளை நட்டார். சுற்றுப்புறத் தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகையால் அவை நிலைக்கவில்லை.

1829இல் அவர் பருந்து அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை, அது முதிர்ந்து வெளிவருவதைக் காண்பதற்காக, ஈரமண் இட்ட அகன்ற வாயுடைய கண்ணாடிக் குடுவையில் வைத்து மூடினார். நாள்தோறும் கவனித்தபோது, பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்குவதைக் கண்டார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வீட்டுத் தோட்டத்தில் எவ்வளவு முயன்றும் வளராத பெரணி, மூடிய குடுவையில் தானாக வளர்ந்தது அவரைச் சிந்திக்க வைத்தது. அக்குடுவையைச் சாளரத்திற்கு வெளியே வைத்துத் தொடர்ந்து கவனித்தார். நீர் எதுவும் ஊற்றாமலேயே அச்செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தன. இறுதியில் மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்ததால் அழிந்தன.

பெரணிகளுக்குத் தேவையானவை ஒளி, ஈரம், புகையற்ற காற்று ஆகியவையே என்றும், அவற்றை ஒரு மூடிய கண்ணாடிப் பெட்டியால் நிறைவு செய்ய இயலும் என்றும் வார்டு முடிவு செய்தார். நகரப் புகையிலிருந்து காக்கும் பெட்டி கடலின் உப்புக் காற்றிலிருந்தும் காக்கும் என்பது இதன் அடுத்த படியாகும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஏ. ஏ. மெக்கனோக்கி என்பவர் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தகைய கண்ணாடிப் பெட்டியில் செடிகளை வளர்த்திருந்தார். ஆனால் அவர் அதனை வெளியிடாததால் கண்டுபிடிப்பு வார்டின் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

முதல் கடற்பயணச் சோதனை

இலண்டன் ஹாக்னி பகுதியில் புகழ்பெற்ற செடிப் பண்ணை நடத்திய ஜார்ஜ் லாடிஜஸ் வார்டுக்குத் துணை நின்றார். 1833இல் பெரணிகள், பாசிகள், புற்கள் ஆகியவை நிறைந்த இரண்டு பெட்டிகள் பெர்சியன் என்னும் கப்பலின் மேல்தளத்தில் வைக்கப்பட்டு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டன. கப்பல் தலைவர் சார்லஸ் மல்லார்டு, சில பெரணிகள் தவிர ஏனைய செடிகள் அனைத்தும் நலமுடன் உள்ளன என்று அந்த ஆண்டு நவம்பரில் எழுதினார்.

திரும்பும் பயணமே கடுமையான சோதனையாக அமைந்தது. 1834 பிப்ரவரியில் சிட்னியில் அப்பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் நடப்பட்டன. அப்போது வெப்பநிலை 90 முதல் 100 பாகை பாரன்ஹீட் வரை இருந்தது. தென்னமெரிக்காவின் கொம்பு முனையைச் சுற்றியபோது அது 20 பாகைக்கு இறங்கியது. மேல்தளத்தில் பனி படிந்தது. நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது 120 பாகைக்கு ஏறியது. பயணம் முழுவதும் செடிகளுக்கு நீர் ஊற்றப்படவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் கப்பல் இலண்டனை அடைந்தபோது செடிகள் பசுமையாக இருந்தன. அவற்றுள் அதுவரை பிரித்தானியாவில் உயிருடன் காணப்படாத கிளைக்கினியா என்னும் பெரணி வகையும் ஒன்று. வழியிலேயே விதையிலிருந்து முளைத்த நாற்றுகளும் பெட்டியில் காணப்பட்டன.

இதன்பின் லாடிஜஸ் தம் வணிகத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் பயன்படுத்தினார். முன்பு இருபது செடிகளில் பத்தொன்பதை இழந்த தாம், இப்போது இருபதில் பத்தொன்பதைக் காப்பாற்ற முடிவதாக அவர் தெரிவித்தார். 1838இல் இயற்பியலாளர் மைக்கேல் பாரடே இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இப்பெட்டியைப் பற்றி விரிவுரை ஆற்றினார். வார்டு தம் கண்டுபிடிப்பை விளக்கி 1842இல் நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1852இல் வெளிவந்தது.

அமைப்பு

வார்டியப் பெட்டிகள் பல அளவுகளில் செய்யப்பட்டன. கப்பலுக்கான பெட்டி பொதுவாகச் சிறிய ஓட்டு வீட்டைப் போன்ற தோற்றம் உடையது. அதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

அடிப்பெட்டி: தேக்கு போன்ற உறுதியான மரத்தால் செய்யப்பட்டது. ஈரத்தில் உளுத்துப்போகாத மரமே ஏற்றது. மேல்தளத்தில் ஓடும் கடல்நீர் படாதவாறு கால்கள் அல்லது கட்டைகள் மீது உயர்த்தி வைக்கப்பட்டது.

கூரை: இருபுறமும் சரிந்த சட்டங்களில் கண்ணாடி பதிக்கப்பட்டிருக்கும். சரிவின் காரணமாக உட்புறத்தில் படியும் நீர்த்துளிகள் வழிந்து மண்ணை அடையும். நேராகச் செடியின் மீது சொட்டுவதும் குறையும்.

காப்பு: கண்ணாடி உடையாதிருக்க அதன்மேல் கம்பி வலை அல்லது மரப்பட்டிகள் அடிக்கப்பட்டன. இணைப்புகள் லப்பம் பூசி, வண்ணம் தீட்டி அடைக்கப்பட்டன.

மண்: அடியில் நீர் வடிவதற்கான அடுக்கும், அதன்மேல் மண்ணும் இடப்பட்டன. செடிகள் நேரடியாக மண்ணில் நடப்பட்டன, அல்லது தொட்டிகளுடன் அசையாதவாறு பொருத்தப்பட்டன. கப்பல் சாயும்போது மண் சரியாமல் இருக்க, மண்ணின்மேல் பாசி பரப்பிக் குறுக்குச் சட்டங்கள் அறையப்பட்டன.

கைப்பிடி: இருபுறமும் கயிறு அல்லது இரும்பு வளையங்கள் இருந்தன. மண் நிறைந்த பெட்டி மிகுந்த எடை உடையதாகையால் பலர் சேர்ந்தே தூக்க வேண்டியிருந்தது.

பிற்காலப் பெட்டிகளின் முக்கோண வடிவப் பக்கங்களில், கம்பி வலையிட்ட சிறிய காற்றுத் துளைகளும் அமைக்கப்பட்டன.

இயங்கும் முறை

செடியின் வேர்கள் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதி, நீராவிப்போக்கின் மூலம் இலைகளின் வழியே வெளியேறுகிறது. திறந்த வெளியில் இந்நீராவி காற்றில் கலந்து சென்றுவிடும். மூடிய பெட்டியில் அது வெளியேற இயலாது. கண்ணாடி குளிரும்போது அதன் உட்புறத்தில் நீராவி துளிகளாகச் சுருங்கி, வழிந்து மண்ணைச் சேர்கிறது. அந்நீரையே வேர்கள் மீண்டும் உறிஞ்சுகின்றன. எனவே தொடக்கத்தில் இட்ட நீரே பல மாதங்களுக்குப் போதுமானதாகிறது. இயற்கையில் நிகழும் நீர்ச் சுழற்சியின் சிறிய வடிவம் இது எனலாம்.

பெட்டிக்குள் காற்று ஈரப்பதம் நிறைந்திருப்பதால் நீராவிப்போக்கின் வேகமும் குறைகிறது. வேர் சரியாகப் பிடிக்காத இளஞ்செடிகளும், வேரற்ற தண்டுத் துண்டுகளும் வாடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பகலில் செடிகள் ஒளிச்சேர்க்கையின்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகின்றன. அவை சுவாசிக்கும்போது இதற்கு எதிரான செயல் நிகழ்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மட்கிய பொருட்களைச் சிதைப்பதாலும் கரியமில வாயு கிடைக்கிறது. இவ்வாறு வளிகள் ஓரளவு சமநிலையில் இருக்கின்றன.

பெட்டி முற்றிலும் காற்றுப்புகாதது என்பது பரவலான தவறான கருத்தாகும். வெப்பநிலை மாறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து சுருங்குவதால், நுண்ணிய இடைவெளிகள் வழியே காற்று மெதுவாக உட்புகுந்து வெளியேறுகிறது. வார்டே தம் நூலில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். நீர் தங்க வேண்டும், உப்பும் புகையும் புகக்கூடாது என்பதே பெட்டியின் நோக்கம்.

இம்முறை வெற்றிபெற ஒளி இன்றியமையாதது. பெட்டியைக் கப்பலின் இருண்ட பகுதியில் வைத்தாலோ, துணியால் மூடிவிட்டாலோ செடிகள் மடிந்தன. அளவுக்கு மீறி நீர் ஊற்றினால் வேர் அழுகிப் பூஞ்சை பிடித்தது. நேர் வெயிலில் உள்வெப்பம் அளவு கடந்து உயர்வதும் ஒரு குறையே. ஆகையால் பெட்டி அனுப்பப்படும்போது, அதனைத் திறக்காமலும், மேல்தளத்திலிருந்து அகற்றாமலும், கண்ணாடி உடைந்தால் உடனே சரிசெய்யுமாறும் கப்பல் தலைவருக்குக் குறிப்புகள் கொடுப்பது வழக்கம்.

பயிர்களின் இடப்பெயர்வில் பங்கு

அழகுச் செடிகளும் வாழையும்

இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகன், ஜான் கிப்சன் என்னும் தோட்டக்காரரை 1835இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவர் 1837இல் ஆம்கெர்ஸ்டியா என்னும் பூமரத்தின் கன்றையும் ஏராளமான ஆர்க்கிட் செடிகளையும் கொண்டு திரும்பினார். 1830களின் இறுதியில் அதே கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்திலிருந்து கேவண்டிஷ் வாழைக் கன்றுகளை ஜான் வில்லியம்ஸ் என்னும் சமயப் பரப்பாளர் வார்டியப் பெட்டியில் சமோவாத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்து இவ்வகை பசிபிக் தீவுகளில் பரவியது. கேவண்டிஷ் என்பது அக்கோமகனின் குடும்பப் பெயர். தமிழ்நாட்டில் மோரிஸ் என அறியப்படும் வாழை இக்குழுவைச் சேர்ந்தது.

தேயிலை

சீனாவின் தேயிலையை இந்தியாவில் பயிரிட விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, ராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளரை 1848இல் சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீன உடை அணிந்து, அயல்நாட்டவர் செல்லத் தடை செய்யப்பட்டிருந்த உட்பகுதிகளில் பயணம் செய்து விதைகளையும் கன்றுகளையும் திரட்டினார்.

உலர்த்தி அனுப்பிய தேயிலை விதைகள் முளைக்கவில்லை. எனவே பார்ச்சூன் ஒரு மாற்று வழியைக் கையாண்டார். வார்டியப் பெட்டியில் முசுக்கொட்டைச் செடிகளை நட்டு, அவற்றின் இடையே ஈரமண்ணில் தேயிலை விதைகளைத் தூவி அனுப்பினார். பயணத்தின்போதே விதைகள் முளைத்தன. 1851இல் இமயமலைப் பகுதித் தோட்டங்களுக்காக அவர் கொண்டு சேர்த்த பெட்டிகளில் 12,000க்கும் மேற்பட்ட நாற்றுகள் இருந்தன. இதன்மூலம் இப்பெட்டி செடிகளைச் சுமக்கும் கலமாக மட்டுமன்றி, பயணம் செய்யும் நாற்றங்காலாகவும் பயன்படக்கூடும் என்பது விளங்கியது. அசாமின் காடுகளில் இயல்பாகவே வேறொரு தேயிலை வகை இருந்ததும், அசாம் சமவெளித் தோட்டங்களில் அவ்வகையே சிறந்து விளங்கியதும் குறிப்பிடத்தக்கது. சீன வகை டார்ஜிலிங் முதலிய மலைப்பகுதிகளில் நிலைபெற்றது.

சின்கோனா

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. இம்மரத்தை இந்தியாவில் வளர்ப்பதற்காகப் பிரித்தானிய அரசு கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் 1859–1860இல் ஒரு குழுவை அனுப்பியது. பெருவிலிருந்து மார்க்கம் வார்டியப் பெட்டிகளில் கொண்டுவந்த செடிகள் செங்கடலின் கடும் வெப்பத்தால் நலிந்து, நீலகிரியை அடைந்தபின் பட்டுப்போயின. ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் ஆகியோர் திரட்டிய செம்பட்டைச் சின்கோனாச் செடிகள் 1861இல் உதகமண்டலத்தை உயிருடன் வந்தடைந்தன.

உதகமண்டல அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அவற்றைத் தண்டுத் துண்டுகள் மூலம் பெருக்கினார். தொட்டபெட்டா, நடுவட்டம் முதலிய இடங்களில் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. இலங்கையில் இதே நோக்கத்திற்காக ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது.

சின்கோனா விதை மிகச் சிறியது. உலர்ந்த நிலையிலும் முளைக்கும் திறனைத் தக்க வைத்துக்கொள்ளக்கூடியது. கொய்னா மிகுந்த ஒரு வகையின் விதைகளை 1865இல் சார்லஸ் லெட்ஜர் என்பவரிடமிருந்து டச்சுக்காரர்கள் வாங்கினர். அவ்விதைகளிலிருந்து எழுந்த யாவாத் தோட்டங்கள் பின்னர் உலகக் கொய்னா வணிகத்தில் முதலிடம் பெற்றன. பெட்டியில் வந்த செடிகளை விட விதையாக வந்த சிறந்த வகையே இப்பயிரில் வெற்றிபெற்றது எனலாம்.

இரப்பர்

1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். விதைகள் வாழையிலைகளுக்கு இடையே அடுக்கப்பட்டுக் கூடைகளில் வந்தன. அவற்றுள் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 1,919 நாற்றுகள் 38 வார்டியப் பெட்டிகளில் ஒரு தோட்டக்காரரின் பொறுப்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை உயிருடன் வந்து சேர்ந்தன. இவை கொழும்புக்கு அருகே கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன.

சிங்கப்பூருக்கு 1876இல் அனுப்பிய செடிகள் பிழைக்கவில்லை. 1877இல் 22 நாற்றுகள் சென்று சேர்ந்தன. மரத்தை வீழ்த்தாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட இரப்பரின் அளவு பிரேசிலின் காட்டு இரப்பரை விஞ்சியது. அமேசான் பகுதியின் இரப்பர் வணிகம் வீழ்ச்சியடைந்தது.

சமூக விளைவுகள்

வார்டியப் பெட்டி ஒரு எளிய தச்சு வேலைப்பாடாக இருப்பினும், அதன் விளைவுகள் பெரியன. ஒரு நாட்டிற்கு மட்டுமே உரியதாக இருந்த பயிர்கள் வேறு நாடுகளில் பெருந்தோட்டப் பயிர்களாயின. அவற்றை வளர்த்துப் பயனடைந்து வந்த சீன விவசாயிகளுக்கும், தென்னமெரிக்கப் பழங்குடி மக்களுக்கும் இதற்காக எந்த ஈடும் வழங்கப்படவில்லை. உயிரின வளங்கள் மீதான அரசுகளின் உரிமை, 1992இல் கையெழுத்தான உயிரியற் பல்வகைமை உடன்படிக்கையிலேயே பன்னாட்டளவில் ஏற்கப்பட்டது.

புதிய தோட்டங்களுக்குத் தேவையான உழைப்பாளர்கள் பெருமளவில் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர். இலங்கையில் காப்பித் தோட்டங்களில் தொடங்கிய இப்பெயர்வு, தேயிலை, இரப்பர்த் தோட்டங்களிலும் தொடர்ந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையின் வழியாக இலட்சக்கணக்கான தமிழர் சென்றனர். மலேசியத் தமிழர் இரப்பர் மரத்தைப் பால்மரம் என்று அழைப்பர். மலையகத் தமிழரின் வரலாறும் மலேசியத் தமிழரின் வரலாறும் இப்பயிர்களுடன் பின்னிப் பிணைந்தவை. செடிகள் பெட்டியில் காக்கப்பட்ட அளவிற்கு, தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் பயணத்திலும் தோட்டங்களிலும் காக்கப்படவில்லை. நோயாலும் பட்டினியாலும் வழியிலேயே பலர் இறந்தனர்.

மறுபுறம், கொய்னாவின் விலை குறைந்து அது எளிய மக்களுக்கும் எட்டியது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, இரப்பர் பயிரிடும் பகுதிகளில் சிறு விவசாயிகளும் அதனால் வாழ்கின்றனர்.

வீட்டுப் பயன்பாடு

பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டதால் கண்ணாடியின் விலை குறைந்தது. நடுத்தர மக்களின் வீடுகளில் அலங்கார வார்டியப் பெட்டிகள் இடம்பெற்றன. பெரணி வளர்ப்பில் எழுந்த பேரார்வத்திற்குப் பெரணிப் பித்து என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் உருவாக்கினார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் வார்டின் பெட்டிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. புகை மண்டிய நகரங்களில் வாழும் ஏழை மக்களும் செடி வளர்க்க வேண்டும் என்பது வார்டின் விருப்பமாக இருந்தது. ஆனால் அலங்காரப் பெட்டிகள் வசதி படைத்தோர் வீடுகளையே பெரிதும் அணிசெய்தன.

குறைகளும் கைவிடப்படலும்

பெட்டியில் செடிகளுடன் மண்ணும் பயணம் செய்தது. மண்ணில் இருந்த பூச்சிகள், புழுக்கள், பூஞ்சைகள், களை விதைகள் ஆகியனவும் உடன் சென்றன. தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட தட்டைப்புழு ஒன்று, 1878இல் கியூ பூங்காவின் வெப்பக் கூடங்களில் கண்டறியப்பட்டு அப்பூங்காவின் பெயரையே பெற்றது. செடிகளின் மண்ணுடன் இது வந்து சேர்ந்தது.

இத்தகைய கேடுகளால் பல நாடுகள் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்களை இயற்றின. அமெரிக்காவில் 1912இல் இதற்கெனச் சட்டம் வந்தது. 1919இல் நடைமுறைக்கு வந்த விதிகள் மண்ணுடன் கூடிய செடிகளின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. இந்தியாவில் 1914இல் அழிவுப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் இயற்றப்பட்டது.

இக்கட்டுப்பாடுகளின் தேவைக்கு இரப்பர் நல்ல எடுத்துக்காட்டாகும். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அமேசான் பகுதியில் இரப்பரைப் பெருந்தோட்டமாக வளர்ப்பதைத் தடுத்துவிட்டது. விக்காமின் விதைகளோடு இந்நோய் ஆசியாவுக்கு வரவில்லை. ஆசிய இரப்பர் மரங்களில் பெரும்பாலானவை அச்சிறு தொகுதியின் வழிவந்தவையாகையால், மரபணு வேறுபாடு குறைந்தவை. நோய் பரவினால் பேரிழப்பு ஏற்படும் என்பதால் தென்னமெரிக்காவிலிருந்து வரும் நடவுப் பொருட்கள் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன.

20ஆம் நூற்றாண்டில் வானூர்திப் போக்குவரத்தும் பாலித்தீன் உறைகளும் பரவியபின், பல மாதப் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. கனமான மரப்பெட்டிக்குத் தேவை இல்லாமற் போயிற்று. கியூ பூங்காவுக்கு வார்டியப் பெட்டி கடைசியாகப் பயன்படுத்தப்பட்டது 1962இல், பிஜித் தீவிலிருந்து செடிகளைக் கொண்டு வருவதற்காகும். பயன்பாட்டின் பின் பெட்டிகள் விறகாகவும் வேறு தேவைகளுக்காகவும் பிரிக்கப்பட்டதால், இன்று மிகச் சில பெட்டிகளே அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. இப்பெட்டியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து லூக் கியோ எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது.

ஒத்த அமைப்புகள்

ஈரக்காற்றை அடைத்துவைத்து இளஞ்செடிகளைக் காக்கும் கொள்கையில் அமைந்த வேறு சில கருவிகளும் உள்ளன.

மணிக்கண்ணாடி: தனிச்செடியின் மீது கவிழ்க்கப்படும் மணி வடிவக் கண்ணாடி மூடி. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் காய்கறி விவசாயிகள் இதனைப் பெருமளவில் பயன்படுத்தினர்.

குளிர்காப்புச் சட்டகம்: தரையில் அமைக்கப்படும், சரிந்த கண்ணாடி மூடியுடைய அடியற்ற பெட்டி. குளிர் நாடுகளில் நாற்றுகளைப் பனியிலிருந்து காக்கிறது.

வெப்பப் பாத்தி: குளிர்காப்புச் சட்டகத்தின் அடியில் குதிரைச் சாணம் இட்டு, அது மட்கும்போது உண்டாகும் வெப்பத்தால் நாற்றுகளை வளர்க்கும் முறை.

மூடுபனிக் கூடம்: நுண்ணிய நீர்த்துளிகளை இடைவிட்டுத் தெளித்துத் தண்டுத் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்யும் நவீன அமைப்பு. தமிழ்நாட்டின் தோட்டக்கலைப் பண்ணைகளில் இவற்றைக் காணலாம்.

பாலித்தீன் உறை: பதியன் அல்லது ஒட்டுக்கன்றின் மீது ஒளி ஊடுருவும் பையைக் கவிழ்த்துக் கட்டுவது. வார்டியப் பெட்டியின் கொள்கையை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் முறை இதுவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

கியூ தாவரவியல் பூங்கா
பேராதனை தாவரவியல் பூங்கா
சின்கோனா
இரப்பர் மரம்
நீராவிப்போக்கு
மலையகத் தமிழர்